சொந்தக் காரணம்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி மாலை, சோழிங்கநல்லூர் சந்திப்பில் பேருந்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கோயம்புத்தூரில் இருந்த அப்பாவைக் கைபேசியில் அழைத்து, "லே-ஆஃப் பண்ணிட்டாங்கப்பா" என்று சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, நடைமுறை தெரிந்தவருக்கே உரிய நிதானத்துடன் கேட்டார்: "சரி கண்ணு. அரைச் சம்பளம் எப்பப் போடுவாங்க? தெனமும் போயிக் கையெழுத்துப் போடோணுமா?"

அப்பா சிங்காநல்லூர்ப் பகுதியில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவரைப் பொறுத்தவரை லே-ஆஃப் என்பது வேலை போய்விடுவதைக் குறிக்கும் சொல் அல்ல. பஞ்சு இல்லாமலோ மின்சாரம் இல்லாமலோ ஆலை ஓடாத நாட்களில் தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாமல் போகும் தற்காலிக நிலையையே 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அந்தப் பெயரால் அழைத்தது. ஓராண்டு பணி முடித்த தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைக் கொடுக்க வேண்டும். அவரும் நாளுக்கு ஒரு முறையாவது ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும் அப்பா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும் வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் அம்மா மளிகைக் கடைக்கு என்னைத்தான் அனுப்புவார். கடைக்காரரும் எதுவும் கேட்காமல் நோட்டில் எழுதிக்கொள்வார், ஏனெனில் அரைச் சம்பளமாவது வரும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் சொன்ன லே-ஆஃப் வேறு. அரைச் சம்பளம் இல்லை என்பதை அப்பாவிடம் சொன்னேன். வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். "அப்பறம் அதுக்கு நோட்டீஸ் குடுத்திருப்பாங்கல்ல, அதுல என்னன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். நோட்டீஸ் எதுவும் இல்லை, நானே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதை அப்போது அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட அந்த மாலையைப் பற்றி இப்போது எழுதுவது அந்தக் கேள்விக்காகத்தான்.

கோவைக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து, வளாக நேர்காணலில் தேர்வாகி, 2004 ஜூலையில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு புறமும் ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. என் முதல் மாதச் சம்பளம், இருபத்தைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அப்பா வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். அதைக் கேட்டு அப்பா பெருமைப்பட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் ஓராண்டுக்குள் மறைந்து, அந்த இடத்தில் வேறொரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது: நாங்கள் தொழிலாளிகள் அல்ல, ஆலை மூடுவது, சங்கம், வாயிற்கூட்டம் என்பனவெல்லாம் அப்பாவின் காலத்தோடு முடிந்துபோனவை என்ற நம்பிக்கை. அதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையும், வாசல் வரை வந்து ஏற்றிச் சென்ற வண்டியும், மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைத்த பழக்கமும் சேர்ந்து அதை உருவாக்கின.

2008 செப்டம்பர் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு தாக்கல் செய்த செய்தி வந்தபோது, அது எங்கள் தளத்துக்கு எப்படி வந்து சேரும் என்பது எங்களில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. நான் இருந்தது ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கான மென்பொருளைச் சோதிக்கும் அணி. ஆள் ஒருவருக்கு, மணி ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று அந்த நிறுவனம் பணம் கொடுத்துவந்தது. அந்த மணிக்கணக்கில் பெயர் இருப்பவர் 'பில்லிங்'கில் இருப்பவர், இல்லாதவர் 'பெஞ்ச்'சில் இருப்பவர். அங்கே அவர்கள் புதிய திட்டங்களை நிறுத்தியதும், இங்கே பெஞ்ச் நீண்டது. அக்டோபர் கடைசியில், சிற்றுண்டிக் கூடத்தில் பகல் பதினோரு மணிக்கே இடம் கிடைக்காத அளவுக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய கோடையில் கல்லூரிகளில் தேர்வு செய்யப்பட்ட பிள்ளைகளுக்குச் சேரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவர்களில் சிலர் வாரந்தோறும் வரவேற்பறைக்கு வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே அக்டோபர் நடுவில் ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் நூற்றுக்கணக்கான விமானப் பணியாளர்களை ஒரே நாளில் நிறுத்தியது. மொத்தம் 1,900 பேர் வரை போகப்போகிறார்கள் என்றார்கள். சீருடையுடனேயே அவர்கள் தெருவில் இறங்கிக் கோஷமிட்டதை உணவுக் கூடத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அழுத முகங்களைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். எங்கள் மேசையில் ஒருவர், "நம்மால இப்படியெல்லாம் ரோட்டுல நிக்க முடியுமா?" என்றார். நானும் முடியாது என்றுதான் தலையசைத்தேன். மறுநாள் அவர்கள் அனைவரையும் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் பற்றி எங்கள் மேசையில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நவம்பரில் ஆண்டு மதிப்பீடு வந்தது. நான் அப்போது ஒன்பது பேர் கொண்ட அணிக்கு டீம் லீட். ஒவ்வொருவரையும் நான்கு நிலைகளில் ஒன்றில் வைக்க வேண்டும். பத்தில் ஒருவராவது கடைசி நிலைக்குப் போயாக வேண்டும் என்பது 'பெல் கர்வ்' என்ற பெயரில் நடைமுறையில் இருந்த விதி. ஒன்பது பேரும் ஒழுங்காக வேலை செய்த ஓர் அணியில் யாரைக் கீழே போடுவது என்று என் மேலாளரிடம் கேட்டேன். "ஊதிய உயர்வுதான் கொஞ்சம் குறையும், வேறு ஒன்றும் ஆகாது, ஒரு பெயரைக் கொடு" என்றார். இரண்டு நாட்கள் அந்தப் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, அணிக்குக் கடைசியாக வந்து சேர்ந்திருந்த, அரியலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் பெயரைக் கொடுத்தேன். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார், அவ்வளவுதான். கடைசி நிலைக்கு ஒரு காரணம் எழுத வேண்டும் என்று படிவம் கேட்டதால், 'தகவல் தொடர்புத் திறனில் முன்னேற்றம் தேவை' என்ற பொருளில் ஒரு வரி எழுதினேன்.

2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, தம் கணக்குகளில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் என்பதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வேலை செய்த நிறுவனம் அது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மனிதவளத் துறையினரின் பேச்சிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது. எதைக் கேட்டாலும், வெளியே சத்யம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா என்று தொடங்கினார்கள். பிப்ரவரியில் ஒவ்வொருவராக ஆறாம் தளத்துக்கு அழைக்கப்பட்டார்கள். நான்காம் நிலையில் இருந்தவர்கள்தான் முதலில். மூன்று மாதங்களுக்கு முன் ஊதிய உயர்வுக்கான பட்டியல் என்று சொல்லி எங்களிடம் வாங்கிய அதே பட்டியல் அது.

அந்த இளைஞர் மேலே போய்விட்டு நாற்பது நிமிடத்தில் இறங்கி வந்தார். ஒரு பாதுகாவலர் அவர் மேசைக்கு அருகில் நின்றார். தண்ணீர்ப் புட்டியையும், ஒரு சிறிய பிள்ளையார் படத்தையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் வந்து, "வரேங்க்கா" என்று மட்டும் சொன்னார். ஆறாம் தளத்தில் என் வரியை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. யார் எழுதியது என்பதைச் சொல்லவில்லை.

ஏப்ரலில் என் முறை வந்தது. என் அணியின் வேலையையே அந்தக் காப்பீட்டு நிறுவனம் பாதியாகக் குறைத்துவிட்டிருந்தது. சிறிய அறை, ஒரு மேசை, என்னைவிட இளைய ஒரு மனிதவள அலுவலர். இரண்டு வழிகள் இருப்பதாக அவர் சொன்னார். இன்றே நானாக விலகினால், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும், நல்லபடியான ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும். விலகாவிட்டால் நிறுவனம் பணிநீக்கம் செய்யும். அடுத்த நிறுவனம் பின்னணி விசாரிக்கும்போது அந்தச் சொல் என் பெயரோடு வரும். யோசிக்க அவகாசம் கேட்டேன். மாலை ஐந்து மணி வரை என்றார். நான் விலகுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று என் பணி ஒப்பந்தம் சொல்கிறதே என்று கேட்டதற்கு, அதை நிறுவனம் தளர்த்திக்கொள்ளும் என்று கனிவாகச் சொன்னார். அவர் மீது இன்றும் எனக்குக் கோபம் இல்லை. அன்று காலையிலிருந்து அந்த அறையில் அவர் அதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதை அவர் கண்களைப் பார்த்தே அறிய முடிந்தது.

என் கணினிக் கணக்கை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தார்கள். விலகல் விண்ணப்பத்தைப் பதிவு செய்வதற்காக மட்டும் அதை இருபது நிமிடம் திறந்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் பட்டியல் ஒன்று விரியும்: மேற்படிப்பு, வேறு நல்ல வாய்ப்பு, திருமணம், உடல்நலம், சொந்தக் காரணம். நிறுவனம் கேட்டுக்கொண்டதால் என்று ஒரு வரி அதில் இல்லை. பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு முறை பார்த்தேன். கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, அச்செடுத்த தாளில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஒரு கட்டத்தின் விலை என்ன என்பது எனக்கு அன்று தெரியாது. அப்போது நடைமுறையில் இருந்த அதே தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவின்படி, ஓராண்டுக்கு மேல் பணியில் இருந்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதென்றால், காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே வகைப் பணியில் இருப்பவர்களில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும், வேறு யாரையாவது அனுப்பினால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 25ஜி பிரிவு சொன்னது. தொழிலாளி என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்தில் உடல் உழைப்பும் எழுத்தர் பணியும் மட்டுமல்ல, தொழில்நுட்பப் பணியும் இருந்தது. சம்பளம் எவ்வளவு என்பதல்ல, செய்யும் வேலை எத்தகையது என்பதே கேள்வி. என்னைப் போன்று மேற்பார்வையும் செய்தவர்களின் நிலை விவாதத்துக்குரியது. ஆனால் அரியலூர் இளைஞரைப் போல நாள் முழுவதும் திரையின் முன் அமர்ந்து சோதித்துக்கொண்டிருந்தவர்களை அந்த விளக்கத்திலிருந்து எளிதில் விலக்க முடியாது. ஆனால் தானாக விலகியவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் ஆகமாட்டார். நிறுவனத்துக்கு எங்கள் கையெழுத்து ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் எனக்குத் தேடச் சொன்னவர் அப்பா. மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் முழுவதும் தயங்கிவிட்டு, விலகல் கடிதத்தின் நகலை அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு பீரோவிலிருந்து தம் ஆலை மூடப்பட்ட அன்று வாயிற்கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பின் நகலை எடுத்துவந்து என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த ஆலை நிர்வாகம் நல்ல நிர்வாகம் அல்ல. கொடுக்க வேண்டிய பணத்துக்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகள் தொழிலாளிகளை அலைய வைத்தது. முடிவில் கிடைத்ததும் முழுத் தொகை அல்ல. ஆனால் ஆலையை மூடுவது ஆலைதான் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். என் தாளில் இருந்தது என் கையெழுத்து மட்டுமே. "இதைய வெச்சுட்டு யாரக் கேக்கறது, கண்ணு?" என்றார்.

அவர் விடவில்லை. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். ஐந்து ஆண்டு முடியவில்லை, அதனால் கிடையாது என்று நிறுவனம் சொல்லியிருந்ததை நான் அப்படியே நம்பியிருந்தேன். நான்கு ஆண்டு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் ஐந்தாம் ஆண்டில் 240 நாள் தொடர்ந்து பணிபுரிந்திருந்தால் அதை முழு ஆண்டாகவே கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தது. இதைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே அமர்ந்திருந்த ஒரு அலுவலர் நான் கேட்டவுடனேயே சொன்னார். எனக்கு அதைவிட வேதனை தந்தது வேறொன்று. என் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தபோது, ஆண்டுச் சம்பளமாக அவர்கள் காட்டிய மொத்தத் தொகையில், அடிப்படைச் சம்பளத்தின் 4.81 விழுக்காடு பணிக்கொடை என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருந்தது. மாதத்துக்கு 673 ரூபாய். எனக்குக் கொடுத்ததாகவே ஆண்டுதோறும் கணக்கில் காட்டிய தொகையைத்தான், கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் உனக்கு உரிமை இல்லை என்றார்கள்.

படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. தீர்ப்பைக் குறிப்பிட்டு, தொழிலாளர் துறையை அணுகப்போவதாக இரண்டாம் கடிதம் எழுதிய மூன்றாவது வாரத்தில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. 14,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தைப் பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் வருகிற 40,384 ரூபாய். உடன் எந்தக் கடிதமும் இல்லை. ஊர் வீட்டுக்கு வாங்கியிருந்த கடனுக்கு நான்கு மாதத் தவணையாக அது போயிற்று. நான் வேலை இழந்த மறுநாள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4.75 விழுக்காட்டுக்குக் குறைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் 9 விழுக்காடாக இருந்த விகிதம். எங்கள் பழைய கடனின் வட்டி மட்டும் அதற்கேற்ப இறங்கவே இல்லை.

பிறகு நடந்தவற்றை நீட்டி எழுத வேண்டியதில்லை. ஏழு மாதம் வேலை இல்லை. அடுத்து ஒப்பந்த அடிப்படையில் பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை. 2010இல் சந்தை மீண்டதும் கோவையிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் நிரந்தர வேலை. இதற்கிடையில் சில மாற்றங்களும் வந்தன. 2015 ஜனவரியில், பெரிய நிறுவனம் ஒன்று கர்ப்பிணியான ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ததற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அந்த இரண்டு செய்திகளையும் வெட்டி எடுத்து, அப்பாவின் ஆலை அறிவிப்பு இருந்த அதே உறையில் வைத்திருக்கிறேன்.

அரியலூர் இளைஞர் 2010 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தார். பெங்களூரில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது, பழைய மேலதிகாரி என்று என் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன். அதற்குப் பிறகும் தொலைபேசியை வைக்க மனம் வராமல், ஆறாம் தளத்தில் அவருக்குப் படித்துக் காட்டிய வரியை எழுதியது நான்தான் என்றும், யாரையாவது எழுதியாக வேண்டும் என்பதால் எழுதினேன் என்றும், அது எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே எழுதினேன் என்றும் சொன்னேன். நெடுநேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பேருந்தின் ஒலிப்பான் மட்டும் எங்கோ கேட்டது.

"அந்த ஃபார்ம்ல அது ஒண்ணுதான் இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

இல்லை. அதற்கு மேலே மூன்று வரிகள் எழுதியிருந்தேன். அவற்றை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு அவை மனப்பாடமாகவே இருந்தன. பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்குக் காப்பீட்டுத் தவணை தவறாகக் கணக்கிடப்படுவதை, இரண்டு ஆண்டுகளாக யாரும் கவனிக்காமல் விட்ட பிழையை, அவர் கண்டுபிடித்தார் என்பது முதல் வரி. அவர் எழுதிவைத்த சோதனைக் குறிப்புகளைக் கொண்டே புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்போது பயிற்சி கொடுக்கிறோம் என்பது இரண்டாவது. ஆகஸ்ட் மாத வெளியீட்டின்போது கேட்காமலேயே மூன்று இரவுகள் தங்கி வேலையை முடித்துக் கொடுத்தார் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, எழுதிக்கொள்பவரைப் போல, "ம்... சொல்லுங்க்கா" என்றார்.